வீட்டில் ஒரு காபி ருசிப்பு: வத்தல்மலைக் கொட்டையை முன்வைத்து

காபி ருசிப்பு என்பது நான்கைந்து ஊர்க் காபிகளைப் பாலும் சர்க்கரையும் சேர்க்காமல், ஒரே அளவில், ஒரே நேரத்தில் அடுத்தடுத்து வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பது. ஐரோப்பாவில் திராட்சை மதுவுக்கு இப்படி வீட்டிலேயே விருந்து வைப்பது உண்டு. காபி வியாபாரத்துக்குள் இந்த ருசிப்பு முறை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ வணிகர்கள் வழியாக வந்தது. அதற்கு முன்பு கொட்டையின் நிறத்தையும் பருமனையும் பார்த்துத்தான் விலை பேசினார்கள். இப்போது பெங்களூருவில் உள்ள இந்திய காபி வாரியம் முதல் பெரிய ஏற்றுமதி நிறுவனங்கள் வரை, கொட்டையை வாய்க்குக் கொண்டுபோகாமல் தரம் சொல்வதில்லை.

தொழில்காரர்களின் இந்தப் பழக்கத்தை வீட்டுக்குக் கொண்டுவருவதற்குத் தமிழ்நாட்டில் ஒரு தனிக் காரணம் உண்டு. காலையும் மாலையும் தவறாமல் காபி குடிக்கிற வீட்டில், அது எந்த மலையில் விளைந்தது என்று கேட்டால் பதில் வராது. கடையின் பெயர் வரும், ஒற்றை உருண்டைக் கொட்டையான பீபரி என்பார்கள், சிக்கரி எத்தனை சதவீதம் என்பதும் தெரிந்திருக்கும். மலையின் பெயர் மட்டும் தெரியாது. பெரிய மலைகளுக்கே இந்த நிலை என்றால், தருமபுரி மாவட்டத்து வத்தல்மலை போன்ற சின்ன மலைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே காபி விளைகிறது என்பதே தமிழ்நாட்டில் பலருக்குச் செய்தி.

தருமபுரி என்றால் மாம்பழம், தக்காளி, கேழ்வரகு, வறட்சி இவைதான் முதலில் நினைவுக்கு வரும். நகரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் போய், இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால் காட்சி மாறிவிடுகிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த வத்தல்மலை கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 மீட்டர் உயரம். பெரியூர், சின்னாங்காடு, பால்சிலம்பு, ஒன்றிக்காடு, நாயக்கனூர் என்று சிற்றூர்கள் சிதறிக் கிடக்கின்றன. இங்கே வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். பெயரைப் பார்த்துக் கேரளத்தோடு முடிச்சுப் போட வேண்டாம். இவர்களின் பேச்சு தமிழ், முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்ததாக வழிவழியாகச் சொல்லிக்கொள்பவர்கள். சாமையும் கேழ்வரகும் கடுகும் இவர்களின் பழைய வெள்ளாமை. சில்வர் ஓக் மரநிழலில் காபியும், அந்த மரங்களிலேயே ஏற்றிவிட்ட மிளகுக் கொடியும் பணப்பயிர்கள்.

மழைமேகம் இல்லாத நாளில் தெற்கே தெரிகிற சேர்வராயன் மலைக்குக் காபி 1820-களிலேயே வந்துவிட்டது. சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் அதைக் கொண்டுவந்தார் என்று வரலாறு சொல்கிறது. அந்த மலையில் விளையும் ஏற்காடு காபிக்கு வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களின் பெயர் துணைக்கு இருந்தது. வத்தல்மலையில் பெருந்தோட்டம் கிடையாது. காபி இங்கே சிறு விவசாயிகளின் பயிர். சிறு விவசாயியின் கொட்டை எங்கும் போலவே வியாபாரியின் சாக்குக்குள் போய், இன்னொரு மலையின் கொட்டையோடு கலந்து பெயரை இழக்கிறது. பெயர் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆந்திரத்தின் அரக்கு பள்ளத்தாக்கு சான்று. அங்கும் பயிரிடுபவர்கள் பழங்குடியினர்தாம். அந்தக் காபிக்கு 2017-இல் பாரிஸ் நகரில் தனிக் கடையே திறந்தது. 2019-இல் குடகு, சிக்மகளூர், பாபாபுடன்கிரி, வயநாடு, அரக்கு ஆகிய ஐந்து இடத்துக் காபிகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஐந்தில் தமிழ்நாட்டு மலை ஒன்றுகூட இல்லை.

ஆகவே வீட்டு ருசிப்புக்கு வத்தல்மலைக் கொட்டையை நடுவில் வைத்து, மற்றவற்றை அதற்கு ஒப்பாகச் சுற்றி வைப்பது நல்ல திட்டம். வத்தல்மலைக் காபி எப்படி இருக்கும் என்று இங்கேயே எழுதிவிட்டால் ருசிப்பின் நோக்கம் கெட்டுவிடும். ஒருவர் சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்ட நாக்கு அதையே தேடிப்போய்க் கண்டுபிடித்துவிடும்.

எத்தனை காபி வைக்கலாம்? நான்கு போதும். ஆறுக்கு மேல் போனால் பழகாத நாக்கு குழம்பிவிடும், எல்லாம் ஒரே கசப்பாகத் தெரியும். வத்தல்மலை ஒன்று, ஏற்காடு ஒன்று, நீலகிரி அல்லது கொடைக்கானல் கீழ்மலையான தாண்டிக்குடிப் பக்கத்துக் கொட்டை ஒன்று, தமிழ்நாட்டுக்கு வெளியே சிக்மகளூர் அல்லது அரக்கு ஒன்று என்று எடுத்துக்கொள்ளலாம். இவை அனைத்தும் அராபிகா வகை. வேறுபாடு எவ்வளவு பெரிதாக இருக்க முடியும் என்று காட்ட நினைத்தால் ஒன்றை எடுத்துவிட்டு வயநாட்டு ரோபஸ்டாவை வைக்கலாம். ரோபஸ்டாவில் காபீன் ஏறத்தாழ இரு மடங்கு. கசப்பும் கனமும் அதிகம், புளிப்பு குறைவு. காபியைப் பற்றி எதுவுமே தெரியாத விருந்தாளியும் இதை முதல் வாயிலேயே பிரித்துவிடுவார். அந்தத் தெம்பு மற்ற மூன்றையும் பிரிக்க உதவும்.

சிக்கரி கலந்த தூள் இந்த வரிசைக்கு ஆகாது. சிக்கரி என்பது வேறொரு செடியின் வேர். அதை வறுத்துப் பொடித்துச் சேர்க்கிறார்கள். இந்திய உணவுச் சட்டப்படி காபி-சிக்கரிக் கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, சதவீதத்தைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும். டிகாஷனுக்குக் கறுப்பு நிறத்தையும் கெட்டித்தன்மையையும் கொடுத்துக் காசை மிச்சப்படுத்தும் இந்த வேர், மலைக்கு மலை உள்ள நுட்பமான வேறுபாடுகளை மூடிவிடும். கடையில் வாங்குவதானால் சிக்கரி சேராத கொட்டையாகவே வாங்கி, வீட்டில் அரைக்க வேண்டும்.

வாங்கும்போது கேட்க வேண்டியவை மூன்று: எந்த ஆண்டு அறுவடை, எப்படி உலர்த்தியது, எப்போது வறுத்தது. இவற்றில் நடுக் கேள்விக்குக் கொஞ்சம் விளக்கம் தேவை. பழுத்த பழத்தை அன்றைக்கே இயந்திரத்தில் தோலுரித்து, மேலே ஒட்டியிருக்கும் கொழகொழப்பு நொதித்துக் கரையும்வரை ஒரு நாளைக்கு மேல் தொட்டியில் போட்டு, கழுவிக் காயவைப்பது ஒரு வகை. வியாபாரத்தில் அதைப் பார்ச்மென்ட் என்பார்கள். இப்படிப் பதப்படுத்திய அராபிகாதான் தரம் பிரித்தபின் பிளான்டேஷன் ஏ என்ற பெயரில் விற்பனைக்கு வருகிறது. பழத்தை அப்படியே தோலோடு களத்தில் இரண்டு வாரம் போலக் காயவைப்பது இன்னொரு வகை, அது செர்ரி. தோலுரிக்க இயந்திரமும் நிறையத் தண்ணீரும் வேண்டும் என்பதால் சிறு விவசாயிக்குச் செர்ரிதான் கைக்கு எட்டுகிற வழி. கழுவிய கொட்டையில் புளிப்பு துலக்கமாகத் தெரியும். தோலோடு காய்ந்ததில் இனிப்பும் கனமும் கூடும். கவனக்குறைவாகக் காயவைத்தால் கெட்ட வாடையும் சேரும். ஒரே மலையின் பார்ச்மென்டையும் செர்ரியையும் அருகருகே வைப்பதே ஒரு முழு ருசிப்பு விருந்துக்குப் போதிய விஷயம்.

மலையிலிருந்து பச்சைக் கொட்டை நேரடியாகக் கிடைத்தால் வேலை கூடும், பலனும் கூடும். முதல் வேலை முறத்தில் கொட்டிப் பொறுக்குவது. ஒரு கைப்பிடி கொட்டையை வெளிச்சத்தில் பரப்பினால் கதை முழுக்கத் தெரிந்துவிடும். கழுவிக் காயவைத்த நல்ல கொட்டை நீலம் கலந்த சாம்பல் பச்சையாக இருக்கும். கறுத்துச் சுருங்கியது காயாகவே பறித்தது அல்லது தரையில் உதிர்ந்து கிடந்தது. ஊசியால் குத்தியதுபோல் ஓட்டை இருந்தால் காய்த்துளைப்பான் வண்டின் வேலை. இந்தியாவில் இந்த வண்டு 1990-இல் நீலகிரியின் கூடலூர்ப் பகுதியில் முதலில் தென்பட்டது. விளிம்பு பழுப்பேறி, மூக்கருகே வைத்தால் புளித்த மாவு வாடை அடிப்பது நொதிப்பு மிஞ்சியது. இந்த வகைக் கொட்டை இரண்டு மூன்று விழுந்தாலே ஒரு கோப்பை கெட்டுவிடும். பொறுக்கி எடுத்ததைத் தூக்கி எறியாமல் ஒரு தட்டில் தனியே வைத்திருந்தால் விருந்தாளிகளுக்குக் காட்ட உதவும்.

வறுப்பதற்குக் கனமான இரும்பு வாணலி போதும். 200 கிராம் கொட்டையை நடுத்தரத் தீயில் கைவிடாமல் கிளற வேண்டும். பச்சை மஞ்சளாகும், வைக்கோல் மணம் வரும், பிறகு பழுப்பாகும். சுமார் 200 டிகிரி வெப்பத்தை எட்டும்போது சோளம் பொரிவதுபோல் படபடவென்று வெடிப்புச் சத்தம் கேட்கும். ருசிப்புக்கான வறுவல் இந்த வெடிப்பு அடங்கியதும் நிற்க வேண்டும். நம் வீட்டு டிகாஷன் தூள் இதைவிட நன்றாகக் கறுக்க வறுத்தது. கறுக்க வறுத்தால் வறுவலின் சுவையே மேலோங்கி, எந்த மலைக் கொட்டையும் ஒன்றுபோலாகிவிடும். இறக்கியவுடன் முறத்தில் கொட்டி விசிறியடியில் ஆறவைக்க வேண்டும்; வாணலியிலேயே விட்டால் உள்சூட்டில் தொடர்ந்து வறுபடும். மெல்லிய தோல் செதில்கள் பறக்கும் என்பதால் மொட்டை மாடியோ கொல்லைப்புறமோ வசதி. வறுத்த கொட்டையிலிருந்து கரியமில வாயு வெளியேற நேரம் கொடுக்க வேண்டும், எனவே விருந்துக்கு முந்தைய நாள் வறுப்பது சரியாக இருக்கும். நான்கு வகைக்கும் ஒரே நிற வறுவல் வர வேண்டும் என்பதுதான் இதில் கடினமான பகுதி. பழக்கம் இல்லாதவர்கள் வறுத்துத் தரும் கடையில் நான்கையும் கொடுத்து, ஒரே வறுவலாகக் கேட்டு வாங்குவது மேல்.

அழைப்பு ஆறு அல்லது எட்டுப் பேரோடு நிற்கட்டும். நேரம் காலை பத்து, பத்தரை மணி. காலைப் பலகாரம் முடிந்து பசி அடங்கியிருக்கும், மதிய உணவின் மசாலா இன்னும் நாக்கில் ஏறியிருக்காது. மாலை ஆறுக்கு மேல் வைத்தால் பலருக்கு அன்றைய தூக்கம் போகும். அழைக்கும்போதே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: சென்ட் பூசிக்கொண்டு வர வேண்டாம், தலையில் மல்லிகைப் பூவும் அன்றைக்கு வேண்டாம், வெற்றிலைபாக்கும் சிகரெட்டும் கூடாது. வீட்டிலும் அன்று காலை ஊதுபத்தி, சாம்பிராணி ஏற்றக் கூடாது, சமையலறையில் தாளிப்பு கூடாது. விருந்து கொடுக்கிற வீட்டில் இதெல்லாம் அபசகுனமாகத் தோன்றலாம். ஆனால் ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு மூக்கின் வேலை. நாக்குக்குத் தெரிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, இறைச்சிச் சாறு போன்ற உமாமி ஆகிய ஐந்துதான். மற்றதெல்லாம் வாயின் பின்புறம் வழியாக மேலேறி மூக்கைத் தொடும் மணம். சளி பிடித்தவருக்கு ரசம் மணமில்லாமல் சப்பென்று தெரிவது இதனால்தான். சளி பிடித்த விருந்தாளியை அடுத்த தடவைக்கு அழைக்கலாம்.

தேவையான சாமான்களில் முக்கியமானது கிராம் காட்டும் சிறிய டிஜிட்டல் தராசு. உலக அளவில் பின்பற்றும் கணக்கு 150 மில்லி தண்ணீருக்கு 8.25 கிராம் தூள். வீட்டுக் கோப்பை 180 மில்லி பிடிக்கும் என்றால் 10 கிராம் போட்டால் கணக்கு ஒத்துவரும். கோப்பைகள் எல்லாம் ஒரே அளவான பீங்கான் அல்லது கண்ணாடியாக இருக்க வேண்டும். எவர்சில்வர் டம்ளர் உதட்டைச் சுடும், சீக்கிரம் ஆறிவிடும். தலைக்கு ஒரு குழிவான ஸ்பூன், அதை அலச ஒரு டம்ளர் வெந்நீர், துப்புவதற்கு ஒரு காகிதக் கோப்பை, எழுத ஒரு தாள், பென்சில் இருந்தால் ஆயிற்று. மிக்சியில் அரைப்பவர்கள் ஜாரை முதலில் ஒரு பிடி அரிசி போட்டு ஓட்டித் துடைத்துவிட வேண்டும். தனியா வாசம் மிச்சமிருந்தால் நான்கு காபியும் சாம்பார்ப் பொடியாக மணக்கும். தூள் ரவைப் பதத்தில், பில்டர் தூளைவிடச் சற்றுக் கொரகொரப்பாக இருக்கட்டும். ஒன்றை அரைத்து முடித்தபின் அடுத்த வகையில் ஐந்தாறு கொட்டையை முதலில் ஓட்டிக் கொட்டிவிட்டு மீதியை அரைத்தால் ஒன்றின் மணம் இன்னொன்றில் ஏறாது. அரைத்த தூள் கால் மணி நேரத்துக்குள் தண்ணீரைப் பார்க்க வேண்டும்.

தண்ணீரை யாரும் கவனிப்பதில்லை. கோப்பையில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு அதுதான். தருமபுரிப் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீர் ப்ளோரைடுக்குப் பேர்போனது. அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. காபியின் சுவையைப் பொறுத்தவரை தொல்லை ப்ளோரைடால் அன்று. கிணற்று நீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட் உப்புகளால். அவை காபியின் புளிப்பை முறித்து, பானத்தைச் சப்பென்று ஆக்கிவிடும். இதற்கு நேர்மாறாக, உப்பே இல்லாமல் வடித்த ஆர்.ஓ. தண்ணீரிலும் காபி எடுப்பாக இருக்காது. லிட்டருக்கு 150 மில்லிகிராம் அளவில் உப்பு கரைந்த நீரே உகந்தது. எதுவானாலும் எல்லாக் கோப்பைக்கும் ஒரே தண்ணீர் என்பதை விட்டுவிடக் கூடாது.

இனி ருசிப்பு. ஒவ்வொரு வகைக்கும் இரண்டு கோப்பை வைத்தால் ஒன்றில் கெட்ட கொட்டை விழுந்திருந்தாலும் மற்றது காட்டிக்கொடுக்கும். தொழில்முறையில் ஐந்து கோப்பை வைப்பார்கள். உலர்ந்த தூள் இருக்கும்போதே கோப்பையைத் தூக்கி, குலுக்கி, மணம் பார்க்க வேண்டும். பிறகு 93 டிகிரி அளவில் உள்ள வெந்நீரை விளிம்புவரை ஊற்ற வேண்டும். கொதித்த நீரை இறக்கி ஒரு நிமிடம் போல விட்டால் ஏறக்குறைய இந்தச் சூட்டுக்கு வரும். வத்தல்மலை உயரத்தில் தண்ணீர் 97 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும் என்பதால் மலைமேல் காத்திருக்கும் நேரம் இன்னும் குறைவு. ஊற்றியதும் தூள் மேலே எழும்பி, நுரையோடு ஒரு மூடிபோலப் படியும். நான்கு நிமிடம் யாரும் அதைத் தொடக் கூடாது.

நான்காம் நிமிடம்தான் ருசிப்பின் உச்சம். மூக்கைக் கோப்பைக்கு மேல் ஒரு விரல்கடை உயரத்தில் வைத்துக்கொண்டு, ஸ்பூனின் பின்புறத்தால் அந்த மூடியை மெல்ல மூன்று முறை தள்ளி உடைக்க வேண்டும். அடியில் அடைபட்டிருந்த ஆவி ஒரே வீச்சில் முகத்தில் மோதும். அந்தக் காபியின் மணம் முழுமையாகக் கிடைப்பது அந்த இரண்டு மூன்று நொடிதான். மேஜையைச் சுற்றி நிற்பவர்கள் ஆளுக்கொரு கோப்பையை உடைத்துவிட்டு, கண்டதை வாய்விட்டுச் சொல்லாமல் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். இதன்பின் மிதக்கும் நுரையையும் தூளையும் இரண்டு ஸ்பூன்களால் வழித்து எடுத்துவிட்டால், மீதித் தூள் அடியில் தங்கித் தெளிந்துவிடும்.

தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் போனால் வாய்க்கு ஏற்ற சூடு. ஸ்பூனில் எடுத்ததைச் சர்ரென்று சத்தம் வர உறிஞ்ச வேண்டும். சாப்பிடும்போது சத்தம் போடாதே என்று வளர்த்த பிள்ளைகளுக்கு இது கொண்டாட்டமாக இருக்கும். காற்றோடு சேர்ந்து உறிஞ்சும்போது காபி தெறித்து நாக்கு முழுக்கப் பரவும், மணம் மேலேறி மூக்குக்கும் போகும். இரண்டு நொடி வைத்திருந்து துப்பலாம், விழுங்கவும் செய்யலாம். ஒரு சுற்று முடிந்ததும் ஐந்து நிமிடம் விட்டு அடுத்த சுற்று, பிறகு நன்றாக ஆறியபின் மூன்றாம் சுற்று. மூன்றாவதைத் தவறவிடக் கூடாது. சூடு குறைகளை மறைக்கும். ஆறிப்போனபின்தான் காபி உண்மையைச் சொல்லும். சூட்டில் பிரமாதமாக இருந்த கோப்பை ஆறியதும் சாக்கு வாடை அடிப்பதும், முதலில் யாரும் கண்டுகொள்ளாதது கடைசியில் இனிப்பதும் சாதாரணமாக நடப்பவை.

கோப்பைகளில் ஊர்ப்பெயர் இருக்கக் கூடாது. அடியில் எண் ஒட்டி, எந்த எண் எந்த ஊர் என்பதை மேஜைக்கு வராத ஒருவர் மட்டும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பெயர் தெரிந்தால் தீர்ப்பு எப்படிக் கோணும் என்பதற்கு மது உலகத்தில் ஒரு புகழ்பெற்ற நிகழ்ச்சி உண்டு. 1976 மே 24 அன்று பாரிஸில், ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய வணிகர், பிரெஞ்சு மதுவையும் கலிபோர்னியா மதுவையும் புட்டியின் பெயர் காட்டாமல் பிரெஞ்சு நடுவர்களிடம் கொடுத்தார். வெள்ளை, சிவப்பு இரண்டிலும் முதலிடம் கலிபோர்னியாவுக்குப் போயிற்று. பெயர் காட்டியிருந்தால் அந்த நடுவர்கள் அப்படி மதிப்பெண் போட்டிருப்பார்களா என்பது சந்தேகம். பெயரே இல்லாத வத்தல்மலைக் கொட்டைக்கும் இந்த ஏற்பாடுதான் நியாயம் செய்யும்.

எழுதுவது எதை? பல ஆண்டுகளாகப் புழங்கிய தொழில்முறைத் தாளில் மணம், சுவை, பின்சுவை, புளிப்பு, கனம், சமநிலை என்று பத்துத் தலைப்பு உண்டு, மொத்தம் 100 மதிப்பெண். 80-ஐத் தொட்டால் உயர்தரக் காபி. வீட்டுக்கு அந்தக் கணக்கு வேண்டாம். எண் போட ஆரம்பித்தால் விருந்து பரீட்சையாகிவிடும். புளிப்பு, இனிப்பு, கனம், விழுங்கியபின் நிற்பது என்ற நான்குக்கும் தெரிந்த பொருளை ஒப்பிட்டு எழுதினால் போதும். புளிப்பு என்றால் எலுமிச்சையா, பச்சை மாங்காயா, நெல்லிக்காயா, பழைய புளியா? இனிப்பு வெல்லமா, கருப்பட்டியா, பலாச்சுளையா? வறுத்த நிலக்கடலை, கொத்தமல்லி விதை, ஈர மண், மிளகு, மோர் என்று நம் சமையலறையிலேயே பட்டியல் நீளும். வெளிநாட்டு அட்டவணையில் உள்ள புளூபெரியையும் மேப்பிள் பாகையும் தேடி நாக்கை வருத்த வேண்டியதில்லை.

குறைகளை எழுதுவதற்குத் தனிப் பலன் உண்டு. ஒவ்வொரு குறைக்கும் மலையில் ஒரு காரணம் இருக்கிறது. புளித்த வாடை வந்தால், பறித்த பழத்தை அன்றே பதப்படுத்தாமல் சாக்கில் குவித்து வைத்திருப்பார்கள். மண் வாடை, பூஞ்சை வாடை வெறுந்தரையில் உலர்த்தியதைக் காட்டும். தார்ப்பாயோ சிமென்ட் களமோ போட்டு, பகலில் அடிக்கடி கிளறி, இரவில் மூடி வைத்தால் அது போய்விடும். சாக்கு வாடை ஈரம் முழுக்க வற்றுமுன் மூட்டை கட்டியதால் வருவது. ஈரப்பதம் 10 சதவீத அளவுக்கு இறங்கியபின்தான் கட்ட வேண்டும். வைக்கோலும் பச்சைக் கடலையும் போன்ற சுவை, காயும் பழமும் கலந்து ஒரே தடவையில் உருவியதன் அடையாளம். பழுத்ததை மட்டும் மூன்று நான்கு தடவையாகப் பறிக்கக் கூலி அதிகம் ஆகும், அந்தக் கூலிக்கு ஏற்ற விலை கிடைத்தால்தான் விவசாயி அப்படிப் பறிப்பார். ருசிப்புத் தாள் ஒன்று கொட்டை கொடுத்தவர் கைக்குத் திரும்பிப் போனால் அடுத்த அறுவடைக்கு அது பயன்படும். தன் காபியைப் பாலில்லாமல் மற்ற மலைகளோடு ஒப்பிட்டுக் குடித்துப் பார்த்த சிறு விவசாயி அரிது.

சுற்றுகளுக்கு இடையே வாயைச் சுத்தமாக்க வெறும் தண்ணீரும் உப்பில்லாத பொரியும் போதும். முறுக்கு, மிக்சர், பிஸ்கட் எல்லாம் முடிந்தபின்தான். சோர்வு தட்டினால் ஒரு விளையாட்டு வைக்கலாம்: மூன்று கோப்பை, இரண்டில் ஒரே காபி, ஒன்றில் வேறு. வேறானது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். கேட்கச் சுலபம்தான்; வத்தல்மலையையும் ஏற்காட்டையும் இப்படி வைத்தால் தேறுகிறவர்கள் குறைவாகவே இருப்பார்கள். காபீன் கணக்கையும் மறக்க வேண்டாம். ஆரோக்கியமான பெரியவருக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம், கர்ப்பிணிகளுக்கு 200 மில்லிகிராம் என்பது மருத்துவ உலகம் பொதுவாகச் சொல்லும் எல்லை. ஸ்பூன் ஸ்பூனாகச் சுவைத்தால் அதன் பக்கம்கூடப் போகமாட்டோம், எல்லாக் கோப்பையையும் காலி செய்தால் தாண்டிவிடுவோம்.

எந்த எண் எந்த ஊர் என்பதை வெளிப்படுத்தியபின் விருந்தின் இரண்டாம் பாதி. அதே நான்கு கொட்டைகளில் அதிகம் பேருக்குப் பிடித்த இரண்டைப் பில்டரில் இறக்கி, பால் சேர்த்து டபராவில் கொடுத்துப் பார்க்க வேண்டும். இங்கே தீர்ப்பு பெரும்பாலும் மாறும். பாலில் உள்ள புரதம் துவர்ப்பையும் கசப்பையும் கட்டிப்போடும், மென்மையான புளிப்பும் பூமணமும் அதில் அமுங்கிவிடும். கனமும் வறுவலும் உள்ள காபியே பாலைத் தாண்டி வெளியே தெரியும். எனவே கறுப்பாகக் குடிக்கும்போது ஜெயித்தது டபராவில் தோற்பதும், இரண்டாவதாக நின்றது முன்னுக்கு வருவதும் உண்டு. இரண்டு முடிவும் சரியே. தினமும் பால் காபி குடிக்கும் வீட்டுக்கு இரண்டாவது முடிவுதான் உதவும். சாப்பாட்டுக்கு அதே மலையின் சாமையில் வெண்பொங்கலோ உப்புமாவோ செய்து, மேலே வத்தல்மலை மிளகைத் தட்டிப் போட்டால் விருந்து ஒரு மலைக்குள்ளேயே முடிந்துவிடும்.

அராபிகாப் பழம் பறிப்பு நவம்பரில் தொடங்கி ஜனவரி வாக்கில் ஓய்கிறது. உலர்த்தித் தோல் நீக்கிய புதுக் கொட்டை பிப்ரவரி, மார்ச்சில் கிடைக்கும். பச்சைக் கொட்டையாக வாங்கி ஈரம்படாமல் வைத்தால் அடுத்த அறுவடைவரை தாங்கும், வறுத்தபின் ஒரு மாதத்துக்கு மேல் வைக்கக் கூடாது. வத்தல்மலைக்குப் போகிறவர்கள் விவசாயியிடம் நேரடியாகக் கேட்டால், பறித்த மாதத்தையும் உலர்த்திய விதத்தையும் அவரே சொல்வார். அதைப் பையின் மேலேயே, ஊர்ப்பெயரோடு சேர்த்து எழுதி வாங்கி வரலாம்.